குவைத்துக்கு மூன்று மணித்தியாலம்

கட்டுநாயக்காவிலிருந்து குவைத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்ற பேச்சை என் முன்னால் யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் என்ன நடக்கும் என்று என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஏதாவது ஒரு கல்யாண வீட்டில், நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு இருக்கும் ஒருவர், "இப்ப என்ன, ஏறி ஒரு நித்திரை கொண்டு எழும்பினாக் குவைத்" என்று தொடங்கிவிடுவார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறும். நித்திரை கொண்டு போய் இறங்கியவர்கள் அந்தத் தூரத்தைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்பது என் கட்சி. இதைச் சொன்னால் எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்கிறார்கள். இருக்கட்டும். அந்தக் கோபம் எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தது. இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று நான் துஆ கேட்டதும் இல்லை.

என் கணவரின் தங்கை எனக்கு மச்சி. எங்கள் வீட்டுக்குப் பின் ஒழுங்கையில்தான் அவளுடைய வீடு. அவளோடு அவளுடைய உம்மா, அதாவது என் மாமியும் இருந்தார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் ஒரு பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போய்விடுவான். என் கணவர் அப்படித்தான் சாய்ந்தமருதில் என் வீட்டுக்கு வந்தார். மச்சியின் மாப்பிள்ளையும் அப்படித்தான் அவளுடைய வீட்டுக்கு வந்தார். கட்டிய புருஷனை நாங்கள் மாப்பிள்ளை என்றே சொல்வோம். பல் விழுந்தாலும் மாப்பிள்ளைதான்.

மச்சியின் மாப்பிள்ளைக்குக் கோமாரியில் ஒரு தென்னந்தோட்டம் இருந்தது. எழுபத்தெட்டில் அடித்த சூறாவளியில் ஒரு மரம் மிச்சமில்லாமல் சரிந்தது. மரங்கள் தோட்டத்தில் சரிந்தன, இவர் வீட்டில் சாய்மனைக் கதிரையில் சரிந்தார். மற்றவர்கள் புதுக் கன்று வைத்தார்கள், அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போனார்கள், கடலுக்குப் போனார்கள். இவர் றேடியோ கேட்டார்.

இந்த நிலையில் மச்சிக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. பெண் பிறந்தால் வீடு கட்ட வேண்டும். இப்போதில்லாவிட்டாலும் அவள் குமராகும்போது ஒரு வீடு எழும்பி நிற்க வேண்டும். மச்சியின் வீட்டுக்கு ஒரு பக்கச் சுவர் சூறாவளியோடு போய், தென்னோலைக் கிடுகால் அடைத்திருந்தது. மாமிக்கு அந்தக் கவலை. அதற்கு மாமி ஒரு வழியும் வைத்திருந்தார். என் மகன் அந்தக் குழந்தையைவிட இரண்டு மாதம் மூத்தவன். பிறந்து நாற்பது நாள் கழிந்த அன்று மாமி குழந்தையைத் தூக்கிவந்து என் மகனுக்குப் பக்கத்தில் பாயில் வளர்த்தி, "இவ இவனுக்கு" என்றார். அண்ணன் மகனுக்குத் தங்கை மகள், எங்களுக்குள் அது கேள்வி இல்லாத உரிமை. வெளியிலிருந்து வரும் மாப்பிள்ளை மாளிகை கேட்பான், சொந்தத்துக்குள் என்றால் ஒரு சுவரோடும் சமாளிக்கலாம். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அடங்கி ஆறேழு மாதத்தில் ஏஜன்ட் வந்தான்.

கல்முனையில் ஓர் அறை எடுத்து, சுவரில் உலகப்படம் ஒன்றை ஒட்டி வைத்திருந்தவன். மாப்பிள்ளைதான் முதலில் தனக்கு விசா கேட்டுப் போனார். ஆம்பிளைக்கு இப்போது கஷ்டம், பொம்பிளைக்கு என்றால் உடனே, வீட்டு வேலைதான், தொழுகை தவறாத நல்ல தீன்தாரி வீடு என்று அவன் சொல்லியிருக்கிறான். மாப்பிள்ளை யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தார். என்ன யோசித்தாரோ, மறுநாள் மச்சியையும் கூட்டிக்கொண்டு போனார். துணைக்கு நானும் போனேன். ஏஜன்ட் பெருவிரலை இலங்கையில் வைத்து, சின்ன விரலைக் குவைத்தில் வைத்தான். "ரெண்டாயிரத்தி ஐந்நூறு மைலுக்கு மேல. ஆனா பாருங்க, ஒரு சாண்" என்றான். என் மடியில் என் மகன், அவள் மடியில் அவள் மகள். பால் குடிக்கிற பிள்ளை இருக்கிறதே என்று நான் கேட்டேன். அங்கே கேட்டால் பால்குடிப் பிள்ளை இல்லை என்று சொல்லச் சொன்னான். பிறகு, ஒன்றும் நடக்காதவனைப்போல, தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்றான்.

டிக்கற் வந்தபோது மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். காலை ஆறுக்குக் கட்டுநாயக்காவில் ஏறுகிறது, ஒன்பதுக்குக் குவைத்தில் இறங்குகிறது. அவர் விரல் விட்டு எண்ணினார். மூன்று மணித்தியாலம். கல்முனையில் பஸ் ஏறினால் கொழும்புக்கு ஒரு பகல் முழுக்கப் போகும். அம்பாறை, மகியங்கனை, அந்த வளைவுகள், கண்டி, பிறகும் பஸ். குவைத் என்றால் மூன்றே மூன்று மணித்தியாலம். பள்ளிவாசல் வாசலில் சொன்னார், தேத்தண்ணிக் கடையில் சொன்னார், மீன் வாங்கப் போன இடத்திலும் சொன்னார். கடைசியில் ஊருக்குள் கொழும்பைவிடக் குவைத் கிட்ட என்ற நிலை வந்துவிட்டது. பொம்பிளையை அவ்வளவு தூரம் அனுப்பலாமா என்று கேட்க வந்தவர்கள்கூட அந்த மூன்று மணித்தியாலத்தைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு போனார்கள். எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. பஸ் என்றால் மனசு கேட்காவிட்டால் மகியங்கனையில் இறங்கித் திரும்பி வரலாம். இதில் எங்கே இறங்குவது? அதை மச்சியிடம் சொன்னேன். அவளுக்கு மூன்று மணித்தியாலம்தான் ஆறுதலாக இருந்தது. பிள்ளை மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் குடிப்பாள், ஒரு பாலுக்கும் அடுத்த பாலுக்கும் இடையில் உள்ள தூரம்தானே மதினி என்றாள். அவள் அப்படிக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

போவதற்கு முந்திய கிழமை பால் மறக்கடிக்கப் பார்த்தார்கள். மாமி வேப்பிலையை அரைத்துக் கொடுத்தார், அவளும் பூசினாள். பிள்ளை வாய் வைத்துவிட்டு, ஏமாற்றப்பட்ட பெரிய மனுசியைப்போலத் தாயின் முகத்தைப் பார்த்து அழுதது. மச்சி குசினிக்குப் பின்னால் போய்க் கழுவிவிட்டு வந்து கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நடந்தது. போகிற அன்று காலை பஸ் ஹோன் அடிக்கும்வரை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொடுத்தாள். மாப்பிள்ளை முற்றத்தில் நின்று நேரம் போகுது, நேரம் போகுது என்றார். வாழ்க்கையில் அவர் அவசரப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். பால் குடிக்கிற பிள்ளைக்கு வீடு கட்டுவதற்காக, அந்தப் பிள்ளையைப் பால் குடிக்கும்போது பிடுங்கி எடுத்து மாமியின் கையில் கொடுத்தார்கள். இந்தப் புத்தியை எங்கே போய்ச் சொல்வது?

மாப்பிள்ளையும் என் கணவரும் கட்டுநாயக்காவரை போய் அனுப்பிவிட்டு வந்தார்கள். இவர்கள் வந்து சேரும்போது வீட்டில் பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது.

சூப்பிப் போத்தலை அது தொடவே இல்லை. பால்மா கரைத்துக் கரண்டியால் ஊட்டினால் துப்பியது. பின் ஒழுங்கையிலிருந்து அந்தச் சத்தம் என் வீட்டுக்குக் கேட்கும். பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும், யாருடைய பிள்ளை அழுதாலும் மார்பு கேட்டுக்கொண்டிருக்கும். என் மகன் ஒரு பக்கம் குடித்துக்கொண்டிருக்க, மறுபக்கம் தானாக வடிந்து சட்டை நனைந்தது. நான் மகனை என் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனேன். மாமி கிணற்றடியில் போத்தல் கழுவிக்கொண்டு நின்றார். நான் யாரிடமும் கேட்கவில்லை. பிள்ளையை எடுத்து மார்பில் போட்டேன். அது குடித்த குடியை இன்றைக்கும் மறக்க முடியாது. குடித்து, தானாக விட்டு, வாய் திறந்தபடி உறங்கியது.

மாமி வந்து பார்த்ததும் போத்தலைக் கீழே வைத்துவிட்டார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மார்க்கச் சட்டம் கேட்கப் பள்ளிவாசல் லெவ்வை வீட்டுக்கு நடந்தார்.

லெவ்வை சட்டத்தைச் சரியாகத்தான் சொன்னார், அவரில் எனக்குக் குறை இல்லை. இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு வேறொரு பெண் பால் கொடுத்தால் அவள் அந்தப் பிள்ளைக்குத் தாய். அவளுடைய பிள்ளைகள் அதற்குக் கூடப்பிறந்தவர்கள். அதற்குப் பிறகு அவர்களுக்குள் நிக்காஹ் கூடாது. நாம் பின்பற்றும் சட்ட வழியான மத்ஹபில் அதற்கு ஐந்து தடவை. வயிறாரக் குடித்துத் தானாக விட்டால் அது ஒரு தடவை. பாலைப் பிழிந்து கோப்பையில் கொடுத்தாலும் அதே கணக்குத்தான். மாமி இதைக் கேட்டுக்கொண்டு வந்தார். மற்ற யாராக இருந்தாலும், ஐந்து தடவை கொடுத்தால் தாயாகிவிடலாம், தாயில்லாத பிள்ளைக்குத் தாய் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லியிருப்பார்கள். மாமி வேறு விதமாகக் கேட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"நாலு வரைக்கும் குத்தமில்லயாம் மகள். ஒண்டு போயிட்டு. இன்னம் மூணு இரிக்கி. அவசரத்துக்கு வச்சுக் கொள்ளுவம்" என்றார்.

என் நெஞ்சில் இருந்த பாலைப் பரணில் எடுத்து வைத்த சாமான்போலச் சொன்னார். நான் சிரித்திருக்க வேண்டும் அல்லது கத்தியிருக்க வேண்டும். அன்றைக்கு இரண்டும் வரவில்லை. பிள்ளை போத்தலுக்குப் பழகும்வரை என்று நினைத்துக்கொண்டேன். மாமி கெட்ட மனுசி இல்லை. அவருக்கு அந்தக் குழந்தை கல்யாண வயதில் நிற்பதும், மாப்பிள்ளை கேட்டு வீடு வீடாக அலைவதும், எல்லோரும் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதும் கண்ணுக்குத் தெரிந்தது. எட்டு மாதத்துக் குழந்தை பசித்து மடியில் கிடப்பது மட்டும் தெரியவில்லை.

இரண்டாவது தடவை, காய்ச்சல் வந்தபோது கொடுக்கச் சொன்னார். மூன்றாவது, கிணற்றுத் தண்ணியில் கரைத்த பால்மா ஒத்துக்கொள்ளாமல் வயிற்றோட்டம் தொடங்கிய பிறகு. இடையில் நான் போனால், பிள்ளையை உள்ளறைக்குக் கொண்டு போய்விடுவார். பசிக்கிற பிள்ளையை என் கண்ணில் காட்டக் கூடாதாம், எனக்குக் கை நிற்காதாம். அது உண்மைதான். என் கணவரிடம் சொன்னேன். உம்மா சொல்வதைக் கேள், பெரியவர்களுக்குத் தெரியும் என்றார். அரிசி ஆலையில் மூட்டை நிறுப்பவர் அவர். ஒரு மூட்டையில் ஒரு கைப்பிடி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். தங்கை மகள் பாதியாகிப் போனது தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் வாப்பாவோ றேடியோவைப் பிள்ளை அழும் சத்தத்துக்கு மேல் கூட்டி வைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு நாள் போய் அதை நிறுத்தினேன். என்னைப் பார்த்தார், மறுபடி போட்டார்.

நான்காவது தடவை கொடுத்தது ஆஸ்பத்திரி வாசலில். டொக்டர் பிள்ளையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளின தோல் கிள்ளினபடியே நின்றது. பால்மாவை நிறுத்தி முலைப்பால் கொடுங்கள் என்றார். தாய் வெளிநாட்டில் என்று மாமி சொன்னார். டொக்டர் என்னைப் பார்த்தார். என் இடுப்பில் என் மகன் கொழுகொழுவென்று இருந்தான். இவர் யார் என்று கேட்டார். மாமி சட்டென்று, "அது வேற" என்றார். வெளியே வந்ததும், இது நாலாவது, இதோடு சரி என்று சொல்லி, பிள்ளையை என் கையில் தந்தார். வாசல் மர நிழலில் இருந்து கொடுத்தேன். பிள்ளைக்கு உறிஞ்சவே தெம்பு இல்லை. கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன.

அதற்குப் பிறகு எல்லாம் முடிந்துவிட்டதுபோல மாமி பழையபடி போத்தலை எடுத்தார். ஆஸ்பத்திரியில் தந்த உப்புத் தண்ணியும் பால்மாவும். பிள்ளை இப்போது கத்துவதில்லை. கத்தாததைப் பார்த்து, பழகிவிட்டாள் என்று மாமி எல்லோருக்கும் சொன்னார். எதிர் வீட்டில் ஒரு பிள்ளை இப்படித்தான் சத்தம் குறைந்து குறைந்து மௌத்தானதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்கள் எல்லோரும் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம், நான் போனேன். மாமி பாயில் இருந்தார். பிள்ளை மடியில், கையில் கரண்டி. அயல் பெண்கள் மூன்று பேர் சுற்றி இருந்து நோய்க்கு ஓதிக்கொண்டிருந்தார்கள். நல்லதாகப் போயிற்று, சாட்சி வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மாமியின் மடியிலிருந்து பிள்ளையை எடுத்தேன். மாமி என் கையைப் பிடித்தார். கெட்டியாகப் பிடித்தார், நகம் பதிந்தது.

"வேணாம் மகள். ஒண்ட மகனுக்குப் பேசின புள்ள. இவட வாழ்க்கய நாசமாக்கிடாத" என்றார்.

"வாழ்க்கைக்கு முதல்ல உசிரு வேணும் மாமி" என்றேன். "நான் இவக்கு உம்மாவாகப் போறன். எங்க போய்ச் சொல்லணுமோ அங்க போய்ச் சொல்லுங்க."

மாமியின் கையை எடுத்துவிட்டு, சுவருக்கு முதுகு கொடுத்து இருந்து கொடுத்தேன். அவசரப்படுத்தவில்லை. அது நின்று, மூச்சு வாங்கி, மீண்டும் குடித்து, தானாக விட்டது. ஓதிக்கொண்டிருந்தவர்கள் ஓதுவதை நிறுத்திவிட்டார்கள். மாமி அழுதார். பிள்ளை பிழைத்ததற்கு அழுகிறாரா, சம்பந்தம் போனதற்கு அழுகிறாரா என்று நான் கேட்கவில்லை. அன்று அஸர் தொழுகைக்கு முதல் இன்னொரு தடவையும் கொடுத்தேன். பிறகு பிள்ளையை என் வீட்டுக்கே கொண்டு போனேன். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் அவள்.

ஊர் ஒரு கிழமைக்கு இதையே மென்றது. மகனின் உரிமையை மண்ணாக்கின உம்மா என்றார்கள். அண்ணன் தங்கை உறவை வெட்டினவள் என்றார்கள். மச்சி பெட்டி கட்டிக்கொண்டு போனபோது வாய் திறக்காதவர்களுக்கெல்லாம் இப்போது வாய் வந்துவிட்டது. என் கணவர் தலையணையையும் இரண்டு சாறனையும் எடுத்துக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போனார். போகட்டும், வீடு என்னுடையது, நான் எங்கும் போகத் தேவையில்லை. அங்கே கிடுகுச் சுவருக்குள்ளால் மழை அடித்தது. மாப்பிள்ளையின் றேடியோ வேறு. கொஞ்ச நாளில் தலையணையோடு திரும்பி வந்தார். வந்தவர் பாயில் கிடந்த தங்கை மகளைத் தூக்கி, பாரமாகிவிட்டாள் என்றார். அவ்வளவுதான் அவருடைய மன்னிப்பு. நான் சோறு போட்டேன்.

அந்த நாட்களில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கசெட்டில் கதைத்து அனுப்புவார்கள். மாமியும் மாப்பிள்ளையும் ஒரு கசெட்டின் இரண்டு பக்கமும் கதைத்து அனுப்பினார்கள். நான் செய்ததை மாமி முழுக்கச் சொன்னாராம். என்னையும் கதைக்கக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. மச்சியிடமிருந்து வந்த பதில் கசெட்டில் எல்லோரையும் சுகம் விசாரித்திருந்தாள், சுவருக்குக் கல் அரியச் சொல்லியிருந்தாள், என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. மாமிக்கு அது போதுமாக இருந்தது. வரட்டும், வந்து கேட்பாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஊர் சொன்னதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். பெற்றவள் கேட்டால் என்ன சொல்வது?

இரண்டு வருஷம் முடிந்து மச்சி வந்தாள். வருகிற டிக்கற்றின் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட மாப்பிள்ளை, இந்த முறை எட்டு மணித்தியாலம் என்றார். போகும்போது மூன்று, வரும்போது எட்டு எப்படி என்று என் கணவர் கேட்டதற்கு, எதிர்க்காற்று என்றார். அதையும் ஊரில் நாலு பேர் நம்பினார்கள்.

வீடு நிறைய ஆட்கள். மெலிந்து, நிறம் மாறி, கையெல்லாம் சவர்க்காரம் தின்ற வெடிப்போடு வந்து இருந்தாள். பிள்ளை அவளைக் கண்டதும் என் சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அவள் கூப்பிட்டாள், அது என் காலைக் கட்டிக்கொண்டு, "உம்மா, ஊட்ட போவம்" என்று என்னிடம் சொன்னது. நான் மச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

பெட்டி திறந்து சாமான் கொடுத்தாள். மாமிக்குக் கம்பளி, அண்ணனுக்கு ரோச் லைற், மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம். மாப்பிள்ளை உடனே கட்டிப் பார்த்தார். காதில் வைத்துப் பார்த்தார். ஓடுகிறது, ஆனால் நேரம் பிழை, இரண்டரை மணித்தியாலம் பிந்தி நிற்கிறது என்றார். அது பிழையில்லை, அது குவைத் நேரம், அங்கே நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் என்று மச்சி சொன்னாள். மாப்பிள்ளை விளங்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவருக்குத்தான் முதலில் விளங்கியது. மெதுவாக, அப்படியானால் போன பயணம் மூன்று இல்லை, ஐந்தரை என்றார்.

மாமி இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. கம்பளியை மடியில் வைத்துக்கொண்டே தொடங்கினார். நாலோடு நிறுத்தச் சொன்னதை, லெவ்வை சொன்னதை, மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க நான் ஐந்தாவது கொடுத்ததை, அன்றைக்கே ஆறாவதும் கொடுத்ததை, எல்லாம் ஒன்று விடாமல். மச்சி கேட்டுக்கொண்டிருந்தாள். என் காலடியில் நின்ற பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமி முடித்ததும் என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்து நான் நிமிர்ந்து நின்றேன்.

"மூணு மணித்தியாலம் எண்டு இவர் சொன்னத நான் நம்பித்தான் ஏறின" என்றாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள். "மூணு மணித்தியாலம் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தன். புள்ள குடிக்கிற நேரத்துக்குப் பால் இறங்கிச்சி. பக்கத்துல இருந்த பொம்பிளக்கிட்ட, வந்திட்டமா எண்டு கேட்டன். கீழ கடல்தான் தெரியிது எண்டா. சட்ட நனஞ்சி சீல நனஞ்சி. எழும்பிப் போற எடம் தெரியா. வாந்தி எடுக்கிறதுக்கு முன்னால கடதாசிப் பை வச்சிருப்பாங்க. அதுக்குள்ள பிழிஞ்சன். அது நிறைய, அவ தன்ட பையத் தந்தா. அவக்கும் ஊட்ட பால்குடிப் புள்ளதான். பிளேன்ல வேல செய்றவ வாந்தியெண்டு நெனச்சி, மூக்கச் சுளிச்சிக்கிட்டு, ரெண்டு விரலால தூக்கிக்கிட்டுப் போனா."

அவள் இப்போது மாமியைப் பார்த்தாள்.

"மதினி என்ட புள்ளைக்குக் குடுத்தத ஒண்டொண்டா எண்ணி வச்சிரிக்கீங்க உம்மா. நான் கொட்டினத ஆரு எண்ணின?"

மாமி கம்பளியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிள்ளையின் சம்பந்தத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. நான் புறப்படும்போது மச்சி வாசல்வரை வந்து, பிள்ளையை என்னிடமிருந்து வாங்கப் பார்த்தாள். அது வரவில்லை. என் தோளில் கிடந்த அதன் முதுகைத் தடவிவிட்டு உள்ளே போனாள்.

அவள் வந்து மூன்றாம் மாதம், அவளுக்கு அடுத்த விசாவும் வந்தது. கல்முனைக்குப் போய் அதை எடுத்துக்கொண்டு வந்தவர் மாப்பிள்ளைதான். புதுக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போய், பகல் சாப்பாட்டுக்கு முதல் திரும்பி வந்துவிட்டார்.